ஒரே சொல்லில் பதில்

"பிள்ளைகள்" என்று அச்சடித்திருந்த கட்டத்துக்குள் "இல்லை" என்று எழுதியது என்னுடைய கை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிந்தினால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிக்கொள்வேன் என்று எனக்கே பயம்.

படிவம் என் மச்சாளுடையது. என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பேசாலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் மூன்று வளவுகள்தான். எங்கள் தீவைத் தாண்டி, அடம்பன் பக்கமாக, கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்வதற்கான படிவம் அது. மச்சாளுக்கு ஒரே மகன். லண்டனில் வேலையோடும் மனைவியோடும் சுகமாக இருக்கிறான். நான் இடுப்பில் தூக்கித் திரிந்த மருமகன். பேனையைப் பிடித்தபடி மச்சாளின் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறீங்கள் டீச்சர்? இல்லை எண்டு போடுங்கோ."

"மச்சாள், அவன் இருக்கிறானெல்லே."

"எனக்கு இல்லை."

மச்சாள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். மற்ற வேளைகளில் நானும் அவருக்கு மச்சாள்தான். நான் எழுதினேன். அவருக்குப் பயந்து எழுதவில்லை. அவனில் எனக்கும் கோபம் இருந்தது. அழுத்தித்தான் எழுதினேன்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இந்தக் கரையில் எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எப்படிப் பிழையாகச் சொல்லும் என்று எனக்குத் தெரியாதது இல்லை என்று மார்தட்டிக்கொண்டவள். ஓய்வு பெற்ற கையோடு மூட்டுவாதம் வந்து விரல்களில் குடியேறியது. இப்போது தண்ணீர்க் குழாயை மணிக்கட்டால்தான் திறக்கிறேன். சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதற்குள் பூசை தொடங்கிவிடும். வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் வரவில்லை என்று மச்சாள் சொல்வார்.

மச்சாளின் நோ வேறு மாதிரி. இளமை முழுக்கக் கருவாட்டு வாடியில் குனிந்து நின்றவர். மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, பாயில் பரப்பி, திருப்பி, அள்ளி, அந்த நாரி, கீழ்முதுகு, எப்போதோ கொடுத்த சத்தத்தை அவர் கேட்கவில்லை. பிறகு ஒரு மாரியில் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தார். அன்று முதல் நாரியிலிருந்து இடது காலின் சின்னவிரல் மட்டும் ஒரு கம்பி இறங்குகிறது. அரை மணித்தியாலம் கதிரையில் இருந்தால் அரைநாள் படுக்க வேண்டும். பூசைக்குப் போய் இருக்க முடியாது. பஸ் ஏற முடியாது. சாவீட்டுக்குப் போய் ஒரு மூலையில் குந்தி அழக்கூட முடியாது.

நோவோடு இருப்பவர்களை விட்டு ஊர் எப்படி விலகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்குள் வருவார்கள். பிறகு படலையில் நின்று கேட்பார்கள். பிறகு "எப்பிடி, சுகமோ" என்று றோட்டில் போகிற போக்கில் ஒரு சத்தம். அதற்கு உண்மையான மறுமொழி சொன்னால் அடுத்த நாள் அந்தச் சத்தமும் இல்லை. ஒரே நோவை எத்தனை நாள்தான் கேட்பார்கள்? அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் குறை சொல்வேன். அது என் சுபாவம்.

அதனால்தான் கைபேசியை நான் ஒருநாளும் திட்டியதில்லை. படுத்த படுக்கையிலேயே ஊரோடு இருக்கலாம். எழுத்துகளை என் வீங்கிய விரல் பிழையாக அமத்தும், ஆகவே குரலில் பேசி அனுப்புவேன். கோயிலுக்கு வர முடியாத ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனிலேயே செபமாலை சொல்கிறோம். அதில் மச்சாளின் குரல்தான் பெரியது. வாடியில் காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய குரல்.

போன வருடம் ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு மகன் வந்தபோது ஒரு மிஷினைக் கொண்டுவந்தான். பேக்கரிப் பணிஸ் அளவு, வட்டமாக, வெள்ளையாக இருந்தது. தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் அலுமாரியின் மேல் வைத்தான். போனைத் தூக்கிக் காதில் பிடிக்கத் தாய்க்குக் கழுத்து இழுக்கிறது, இதென்றால் தொடவே தேவையில்லை, இருந்த இடத்தில் பேசினால் போதும் என்றான். தமிழும் விளங்கும், ஆங்கிலமும் விளங்கும், இரண்டையும் கலந்து கதைத்தாலும் விளங்கும் என்றான். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அது சுகம் விசாரிக்கும். தாயின் மறுமொழி அவனுடைய போனுக்குப் போகும்.

"நோ எண்டால் எனக்கு உடனை தெரியும் அம்மா. எங்கை நிண்டாலும் எடுப்பன்," என்றான்.

நான் அந்த இடத்தில்தான் நின்றேன். மச்சாள் அவனுடைய கன்னத்தைத் தடவினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அவனை விமானத்துக்கு அனுப்பினார்.

முதல் நாள் எட்டு மணிக்கு மிஷின் பேசியது. தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. "வணக்கம். இன்று உங்களுக்கு வலி இருக்கிறதா?"

மச்சாள் திடுக்கிட்டுவிட்டார். "வலியோ? ஆருக்கு வலி? எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் வலி வந்ததில்லை."

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் வலி என்று சொன்னால் அது வலிப்பு. வாயில் நுரை தள்ளி விழுவது. கையில் திறப்பை, இரும்புச் சாவியை, திணித்து அடக்குவார்களே, அது. உடம்பு வருத்தினால் அது நோ. நாரி நோ, முழங்கால் நோ, பிள்ளைப்பேற்று நோ. புத்தகத்தில் வலி என்று படித்தாலும் வாயில் வருவது நோதான். ஆகவே மச்சாள் மிஷினுக்கு முறையாக விளக்கம் கொடுத்தார். எனக்கு வலி இல்லைப் பிள்ளை, நாரி நோதான், இஞ்சை தொடங்கி கால் மட்டும் இறங்குது, குனியேலாது, குளிக்கேலாது, முந்தநாள் அடிச்ச காத்துக்குச் சரியாக் கூடிப்போச்சு என்று நீட்டினார்.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்," என்றது அது.

மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் காலையில் நான் போனேன். டீச்சர் அல்லவா, படிப்பிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவேனா?

"மச்சாள், அது பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி. நீட்டினா அதுக்குத் தலை சுத்தும். ஒரு சொல்லிலை சொல்லுங்கோ. நோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நோ எண்டோ?"

"ஓம். இன்னும் தெளிவாச் சொல்லுங்கோ."

"நோ."

மிஷின் கேட்டது. மச்சாள் சொன்னார். தெளிவாக, வாடிக் குரலில், ஒரே சொல்லில். மிஷின் உடனே, "கேட்க மகிழ்ச்சி. இந்த நாள் இனிதாகட்டும்," என்றது.

மச்சாள் என்னைப் பார்த்தார். "நான் நோ எண்டுறன். அது மகிழ்ச்சி எண்டுது."

"அது பழக்கிவிட்ட கதை மச்சாள். அரசாங்கக் கந்தோருக்குப் போனா ஆறுதலா இருங்கோ எண்டு சொல்லுவினமெல்லே, அது மாதிரி. எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான்."

என் விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். இதை எழுதும்போது என் காது சுடுகிறது. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு, அந்தச் சொல் என் காதுக்குள் விழுந்தபோது அது எந்த மொழியில் விழுகிறது என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தாய்மொழியில் நோ என்றால் எனக்கு நோதான்.

அன்று பகல் முழுக்க மச்சாள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவன் எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்றேன். அடுத்த நாளும் எடுக்கவில்லை. பனி கொட்டுதாம் என்றேன். அங்கே அப்போது பனிக்காலமே தொடங்கவில்லை. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு மச்சாள் நோ என்று சொல்வதும், மிஷின் மகிழ்வதும், போன் பேசாமல் கிடப்பதுமாக ஒரு மாதம் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வழமைபோல அவன் எடுப்பான். எடுத்த எடுப்பில், "நீங்கள் இப்பிடி இருக்கிறது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ அம்மா," என்பான். மச்சாள் உம் கொட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வார்.

"அவனுக்குச் சந்தோஷமாம். நான் நோவிலை கிடக்கிறது அவனுக்குச் சந்தோஷமாம்."

நேரே கேட்கலாம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் சொன்னேன். மச்சாள் கேட்கமாட்டார். தினமும் சொல்லியும் திரும்பிப் பார்க்காதவனிடம் இன்னொரு முறை வாய்திறந்து சொல்ல அவருக்கு ரோசம் விடவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளையும் மச்சாள் எடுப்பதை நிறுத்தினார். அவர் எடுக்காவிட்டால் அவன் எனக்கு எடுப்பான். நான் என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மா கோயிலுக்குப் போட்டா தம்பி, இன்னும் வரேல்லை." ஒரு முறை சொன்னால் பரவாயில்லை. கிழமைக்குக் கிழமை சொன்னேன். ஒருநாள் சந்தைக்குக்கூட அனுப்பினேன். படலையடிக்குப் போக ஏலாத மனுசியை என் வாயாலேயே ஊரெல்லாம் நடக்கவிட்டேன். அவன் சிரித்தான். நல்லது மாமி, நல்லது மாமி என்றான். பிறகு அழைப்புகள் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. கல்நெஞ்சன் என்று நானே திட்டினேன்.

அப்படித்தான் சித்திரையில் அந்தப் படிவம் வந்தது. எழுதி முடித்து என் வீட்டு மேசையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம், நான் சோற்றில் கை வைத்த நேரம், போன் அடித்தது. அவன்தான். அங்கே காலை நேரம்.

"மாமி, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான்," என்றான்.

"எனக்கென்னத்துக்கு நன்றி?" என் குரலில் காரம் இருந்தது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

"எட்டு மாசம் மாமி. ஒரு நாள்கூட அம்மாவுக்கு நோ இல்லை. இப்பதான் எல்லாத்தையும் ஒண்டாப் பாத்தனான். ஒவ்வொரு நாளும் பச்சைப் புள்ளி. அதைவிட ஒண்டு, எனக்கு நம்பேலாமல் இருக்கு. அம்மாவுக்கு இங்கிலீஷும் பழக்கிப்போட்டீங்கள்."

"என்ன இங்கிலீஷ்?"

"மிஷின் கேக்கேக்கை அம்மா இங்கிலீஷிலைதானே மறுமொழி சொல்லுறா. எழுத்திலை வருகுது. நோ, நோ, நோ. எட்டு மாசமும் நோ."

"நோ எண்டால்?"

"நோ மாமி. இல்லை எண்டு."

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. மேசையின் மறுபக்கத்தில் படிவம் இருந்தது. பிள்ளைகள்: இல்லை. என்னுடைய கையெழுத்து, என்னுடைய அழுத்தம்.

"தம்பி," என்றேன். திரும்பச் சொன்னேன். "தம்பி, அம்மா இங்கிலீஷ் கதைக்கேல்லை."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நாரி நோ எண்டு சொன்னவ. நான்தான் ஒரு சொல்லிலை சொல்லச் சொன்னனான். கோயிலுக்குப் போனதெண்டு சொன்னதும் பொய். அவ எழும்பி நடந்து எவ்வளவு காலம்."

அந்தப் பக்கத்தில் எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. "ஐயோ மாமி," என்று மட்டும் சொன்னான். பிறகு, "அம்மா எங்கை?" என்றான். போய் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கை கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. சித்திரை வெயிலில், சுடுமணலில், என் முழங்காலோடு அந்த மூன்று வளவையும் எப்படிக் கடந்தேன் என்றும் தெரியவில்லை. மச்சாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டில் விளிம்பில் இருந்து சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. பாலர் வகுப்பில் சொல்வதுபோல இரண்டாம் முறை சொன்னேன். இங்கிலீஷில் நோ என்றால் இல்லை. நீங்கள் நோ என்று சொல்லச் சொல்ல அது இல்லை என்று எழுதி அவனுக்கு அனுப்பியிருக்கிறது. அவன் உங்களுக்குச் சுகம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அழுவார் என்று நினைத்தேன். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் மெல்லத் தலையைத் திருப்பி அலுமாரியின் மேல் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் எட்டு மாசமா ஆருக்குச் சொன்னனான்?"



மச்சாளின் போன் அடித்தது. வீடியோ. தலையணையைச் சாய்த்துப் போனை நிறுத்தி வைத்தேன். திரையில் அவன் முகம். தலை வாரவில்லை, கண் சிவந்திருந்தது. என்னை அவன் பார்க்கவே இல்லை.

"அம்மா, நோகுதோ?" என்று கேட்டான்.

எட்டு மாதம் இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்துக் கிடந்தார். மச்சாள் நெற்றி மயிரை ஒதுக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தார்.

"இல்லை ராசா. எனக்கென்ன, சுகமா இருக்கிறன். நீ சாப்பிட்டனியோ?"

அன்றைக்கு எனக்கு விழுந்த அடிகளில் இதுதான் பெரிய அடி. மிஷினுக்கு ஒருநாள் தவறாமல் உண்மை சொன்ன வாய், மகனின் முகத்தைக் கண்டதும் பொய் சொல்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அவன் பேசினான்.

"சரி அம்மா. எழும்பி நில்லுங்கோ பாப்பம்."

"ஏன், இப்ப என்னத்துக்கு?"

"ஒருக்கா நில்லுங்கோ. நான் பாக்க வேணும்."

ரோசக்காரி அல்லவா, நின்று காட்டப் பார்த்தார். ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார். நாரி பாதி எழும்பியது. அந்தப் பாதியில், அவர் அடக்குவதற்கு முன்னால், "அம்மோ" என்று ஒரு சத்தம் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. போன் சரிந்து கூரை முகட்டைக் காட்டியது. நான் அவரைத் தாங்கிப் படுக்க வைத்துவிட்டுப் போனை நிமிர்த்தினேன். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான்.

பிறகு அவன் திரும்பக் கேட்டான். சின்னப்பிள்ளையில் கேட்கும் குரல்.

"அம்மா, நோகுதோ?"

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார். "நோ," என்றார்.

"எந்த நோ அம்மா?"

"எங்கடை நோ ராசா. எங்கடை நோ."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். நாரியில் தொடங்கிச் சின்னவிரல் வரைக்கும், கிணற்றுக்கட்டில் தொடங்கி நேற்றுவரைக்கும், ஒரு சொல்லில் இல்லை, எத்தனையோ சொல்லில். அவன் ஒரு இடத்திலும் விளங்கவில்லை என்று சொல்லவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன். அது எனக்குரிய பேச்சு அல்ல.

பின்னேரம் மச்சாள் எனக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "டீச்சர், அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போடாதேங்கோ. போறதோ இல்லையோ எண்டு நான் அவனோடை கதைச்சுச் சொல்லுறன். ஆனா அதிலை ஒரு பிழை கிடக்கு."

அலுமாரியைத் திறந்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு தொடாமல் வைத்திருந்த சிவப்புப் பேனையைத் தேடி எடுத்தேன். முதலில் மை வரவில்லை, பழைய பேப்பரில் கிறுக்கி வரவைத்தேன். இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் பிழை போட்டிருப்பேன். என்னுடைய எழுத்துக்குப் போட்டது அன்றைக்குத்தான். "இல்லை" என்பதன் மேல் கோடு கிழித்துவிட்டு, விரல் நோக நோக, பக்கத்தில் "ஒருவர்" என்று எழுதினேன்.